பதினோரு மணிக்கு ஏன் இழுத்தது

கடலூர் குடோனில் பில் போடும் அக்கா என்னைக் கூப்பிடுகிற நேரம் மாறவே மாறாது. காலை 11.05, மிஞ்சினால் 11.10. "தம்பி, மறுபடியும் இழுக்குது. ஒரு பில்லுக்கு அரை நிமிஷம் சுத்திக்கிட்டே நிக்குது. வேன் டிரைவர் வாசல்ல நிக்கிறாரு." நானும் "சரிக்கா, பாக்குறேன்" என்பேன். கையில் இருக்கிற வேலையை முடித்துவிட்டு உட்காரும்போது மணி ஒன்றைத் தொட்டிருக்கும். புதுச்சேரியிலிருந்து கடலூர் ரவுட்டருக்கு ஒரு பிங் அடிப்பேன், அதாவது "இருக்கிறாயா" என்று கேட்டுப் பதில் வர ஆகும் நேரத்தை அளப்பேன். நான்கு பாக்கெட் (சின்னத் தரவுப் பொட்டலங்கள்) போகும், நான்கும் எட்டு மில்லிசெகண்டில் திரும்பி வரும். "இப்ப நல்லாத்தானே இருக்கு அக்கா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போவேன்.

இரண்டு மாதம் இப்படியே போனது. அந்த இரண்டு மாதமும் அவர் சொன்னதுதான் சரி. நான் ஒவ்வொரு நாளும் தவறான நேரத்தில், தவறான முறையில் பார்த்துவிட்டு, அவர் சொல்லை மறுத்துக்கொண்டிருந்தேன். அதைச் சரியாகப் பார்க்க ரவுட்டரையே எப்படிப் பழக்கினேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இரண்டு மூன்று கிளைகளை வைத்துக்கொண்டு, தனி ஆளாக நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் யாருக்காவது இது உதவும்.

நாங்கள் மருந்து மொத்த வியாபாரம். தலைமை அலுவலகமும் சர்வரும் புதுச்சேரியில், காமராஜர் சாலைப் பக்கம். குடோன் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். பண்ருட்டியிலும் சிதம்பரத்திலும் சின்னக் கிளைகள். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே இருபத்திச் சொச்சம் கிலோமீட்டர்தான். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில் என்று ஊர்ப் பெயர்களைச் சொல்லி முடிப்பதற்குள் பஸ் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் வழியில் ஒரு மாநில எல்லை இருக்கிறது. ஜிஎஸ்டியில் தமிழ்நாட்டின் குறியீடு 33, புதுச்சேரியின் குறியீடு 34. கடலூர் குடோனிலிருந்து புதுச்சேரிக் கடை ஒன்றுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு போனால் இ-வே பில் என்ற சரக்குப் போக்குவரத்து அனுமதிச் சீட்டு இல்லாமல் வேன் நகர முடியாது. அந்த பில் கடலூரில் தட்டப்பட்டு, புதுச்சேரி சர்வருக்கு வந்து பதிவாகித் திரும்பிப் போக வேண்டும். அக்காவின் திரையில் வட்டம் சுற்றினால் வேன் நிற்கும், வேன் நின்றால் மதிய மாத்திரைக்குக் காத்திருக்கும் யாரோ ஒருவர் கடைவாசலில் நிற்பார்.

லீஸ்ட் லைன், அதாவது எங்களுக்கென்று வாடகைக்கு எடுத்த தனி இணைப்பு, கொடுத்த நிறுவனத்துக்கு டிக்கெட் மேல் டிக்கெட்டாகப் புகார் போட்டேன். மாலை நான்கு மணிக்கு ஒருவர் கூப்பிட்டு, "சார், லிங்க் அப்லதான் இருக்கு, எரர் எதுவும் இல்ல" என்பார். அவர் சொன்னதும் பொய்யில்லை. நான்கு மணிக்கு லிங்க் நன்றாகத்தான் இருந்தது. மாதக் கடைசியில் அவர்கள் அனுப்பும் அறிக்கையில் லைனின் சராசரிப் பயன்பாடு பதினைந்து சதவீதம் என்றிருக்கும். லிங்க் இயங்கிய நேரம் 99.9 சதவீதம்.

எங்கள் ஒப்பந்தத்தில் இருந்தது 99.5 சதவீதம். முப்பது நாள் மாதத்தில் மொத்தம் 720 மணி நேரம்; அதில் அரை சதவீதம் 3.6 மணி. அதாவது மாதத்துக்கு 216 நிமிடம் லிங்க் செத்துக் கிடந்தாலும் ஒப்பந்தப்படி குற்றமில்லை. அது கூடப் பரவாயில்லை. எங்கள் லிங்க் சாகவே இல்லை. தினமும் இரண்டு மணி நேரம், 26 வேலை நாள், ஆக மாதம் 52 மணி நேரம் அது முனகிக்கொண்டிருந்தது. முனகலைக் கணக்கில் எடுக்க ஒப்பந்தத்தில் ஒரு வரி கூடக் கிடையாது. தாமதத்துக்கும் பாக்கெட் இழப்புக்கும் எல்லை எழுதாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள் என்று யாரைப் பார்த்தாலும் இப்போது சொல்கிறேன்.

சரி, அளக்கலாம் என்று முடிவு செய்தபோது புதிதாக எதையும் வாங்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு முனையிலும் இருந்தவை சிஸ்கோ ரவுட்டர்கள். அவற்றுக்குள்ளேயே ஐபி எஸ்எல்ஏ என்ற வசதி இருக்கிறது. பழைய நாளில் அதற்கு ரெஸ்பான்ஸ் டைம் ரிப்போர்ட்டர் என்று பெயர், பிறகு சர்வீஸ் அஷ்யூரன்ஸ் ஏஜென்ட், அப்புறம்தான் இந்தப் பெயர். ஜூனிபரில் இதே வேலையை ஆர்பிஎம் செய்கிறது, ஹுவாவேயில் என்க்யூஏ. எல்லா நிறுவனப் பெட்டிகளும் பேசிக்கொள்ள ட்வாம்ப் என்ற பொது முறை 2008-இல் ஆர்எஃப்சி 5357 ஆக வந்தது. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: ஒரு ரவுட்டர் குறித்த இடைவெளியில் போலிப் பாக்கெட்டுகளைத் தானே உருவாக்கி அடுத்த ரவுட்டருக்கு அனுப்பும், போய் வர எவ்வளவு நேரம், எத்தனை தொலைந்தன, எவ்வளவு குலுங்கின என்று குறித்துக்கொள்ளும். இரவு மூன்று மணிக்கும் குறிக்கும், பதினோரு மணிக்கும் குறிக்கும். நான் சாப்பிடப் போனாலும் குறிக்கும்.

முதலில் எளிதானதில் தொடங்கினேன். ஐசிஎம்பி எக்கோ, அதாவது ரவுட்டரே அடிக்கும் பிங். ஒரு எண் கொடுத்து, கடலூர் முகவரியைச் சொல்லி, அறுபது விநாடிக்கு ஒருமுறை என்று வைத்து, ஷெட்யூல் கட்டளையில் இப்போதே தொடங்கு என்று போட்டேன். எண்கள் வர ஆரம்பித்தன. நிம்மதியாக வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் அக்கா கூப்பிட்டதும் ஓடிப் போய்ப் பார்த்தால் புரோப், அதாவது ரவுட்டர் ஓட்டும் அந்த அளவீடு, முந்தின நாள் மாலையே நின்றிருந்தது. ஷெட்யூலில் ஆயுள் எவ்வளவு என்று நான் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் அது 3600 விநாடி என்று எடுத்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் உழைத்துவிட்டு ஓய்ந்துவிட்டது. லைஃப் ஃபாரெவர் (எப்போதும் ஓடு) என்ற இரண்டு சொல் விடுபட்டதில் ஒரு நாள் போனது.

ஓடிக்கொண்டிருக்கும் புரோப்பைத் திருத்தவும் விடாது. எண்ணோடு அழித்துவிட்டு முதலிலிருந்து எழுத வேண்டும். அதனால் நான் எழுதும் வரிகளை எல்லாம் ஒரு நோட்பேட் கோப்பில் வைத்துக்கொண்டு, அங்கே திருத்தி இங்கே ஒட்டுவேன்.

இன்னொன்று, புரோப் எந்த முகவரியிலிருந்து கிளம்புகிறது என்பது. சொல்லாமல் விட்டால் வெளியே போகும் போர்ட்டின் முகவரியை அதுவே எடுத்துக்கொள்ளும். அப்போது அது அளப்பது லைனின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடுவிலுள்ளதை. அக்காவின் பில் அப்படிப் போகவில்லை. குடோன் நெட்வொர்க்கிலிருந்து டனலுக்குள் (இரண்டு அலுவலகங்களை இணைக்கும் மறைவான பாதைக்குள்) நுழைந்து சர்வர் நெட்வொர்க்குக்கு வருகிறது. ஆகவே இரண்டு பக்கமும் உள் முகவரிகளையே கொடுத்தேன். ஒரு மில்லிசெகண்டு கூடியது. அந்த ஒரு மில்லிசெகண்டும் அக்கா அனுபவிப்பதுதானே.

ஒளி ஃபைபரில் விநாடிக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே போய்வர கால் மில்லிசெகண்டு போதும். எங்களுக்கு எட்டு ஆகிறது. லைன்காரரிடம் கேட்டபோதுதான் எங்கள் பில் ஒவ்வொன்றும் சென்னை போய்த் திரும்பி வருகிறது என்று தெரிந்தது. கடலூரிலிருந்து வடக்கே புதுச்சேரியைத் தாண்டிச் சென்னை போய், அங்கிருந்து மறுபடி புதுச்சேரிக்கு இறங்குகிறது. அதில் தவறொன்றும் இல்லை, நெட்வொர்க்குகள் அப்படித்தான் கட்டப்படுகின்றன. ஆனால் எட்டு என்பதுதான் இந்த லைனின் நாடித்துடிப்பு என்பதைத் தெரிந்துகொண்டது பின்னால் ஒரு நாள் பெரிதாக உதவியது.

புரோப் இரண்டு நாள் ஓடியதும் படம் தெளிந்தது. காலை 10.59 வரை எட்டு, ஒன்பது மில்லிசெகண்டு. 11.01-க்கு 96. அப்புறம் 140, 155, ஒரு தடவை 190. மதியம் ஒன்று அடிக்கும் சமயம் சட்டென்று மறுபடி எட்டு. வரைபடத்தில் மேசை போல ஒரு மேடு.

அதை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அக்கா சொன்ன ஒவ்வொரு சொல்லும் அதில் இருந்தது. நேரம் இருந்தது. அரை நிமிஷம் கூட இருந்தது. எப்படி என்றால், எங்கள் பில்லிங் மென்பொருள் ஒரு பில்லைச் சேமிக்க ஏறக்குறைய 200 தடவை சர்வரோடு கேள்வி பதில் நடத்துகிறது; பாக்கெட்டுகளைப் பிடித்து எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொரு மருந்துக்கும் இருப்பு கேட்கும், பேட்ச் எண் கேட்கும், காலாவதித் தேதி கேட்கும். ஒரு பதில் வந்த பிறகுதான் அடுத்த கேள்வி. போய்வர எட்டு மில்லிசெகண்டு என்றால் 200 தடவைக்கு 1.6 விநாடி. 150 என்றால் 30 விநாடி. கைக்கடிகாரம் பார்க்காமலே அவர் சரியாகச் சொல்லியிருக்கிறார்.

லைனின் வேகத்தை இரட்டிப்பாக்கலாம் என்று அலுவலகத்தில் பேச்சு வந்தது. 200 தடவை போய்வருகிற வேலைக்கு வேகத்தைக் கூட்டிப் பயனில்லை; ஒவ்வொரு தடவையும் ஏன் 150 ஆகிறது என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று சாரிடம் இந்தக் கணக்கை எழுதிக் காட்டினேன். அவர் கணக்காளராக வாழ்க்கையைத் தொடங்கியவர். ஒரு பெருக்கல் போதுமானதாக இருந்தது.

இனி எந்தத் திசையில் அடைக்கிறது என்று தெரிய வேண்டும். பிங் இதைச் சொல்லாது. போனதா வந்ததா என்று மட்டும் சொல்லும். போகும்போது தாமதமா, வரும்போதா என்று பிரிக்காது. தவிர, ரவுட்டர் பிங்குக்குப் பதில் சொல்வதைக் கடைசி வேலையாகத்தான் வைத்திருக்கும். அதன் பிராசஸர் வேறு வேலையில் இருந்தால் பதில் தாமதமாகும், நாம் லைனைக் குறை சொல்வோம். இதற்காகத்தான் பாக்கெட்டுகளின் குலுக்கலை அளக்கும் யுடிபி ஜிட்டர் புரோப்பும், எதிர்முனையில் அதற்குப் பதில் சொல்லும் ரெஸ்பாண்டரும். கடலூர் ரவுட்டரில் ரெஸ்பாண்டரை இயக்க ஒரே ஒரு வரி போதும். அது 1967 என்ற எண்ணுள்ள யுடிபி போர்ட்டில் (பாக்கெட்டுகள் வந்து சேரும் வாசலில்) காது கொடுத்துக் காத்திருக்கும். புதுச்சேரி ரவுட்டர் முதலில் அங்கே பேசி, இந்த போர்ட்டில் பாக்கெட் அனுப்பப் போகிறேன் என்று சொல்லும், பிறகு அனுப்பும். எதை உள்ளே விடலாம் என்று பார்க்கும் எங்கள் ஃபயர்வாலின் விதியில் 1967 இல்லாததால் அரை நாள் எதுவும் நடக்கவில்லை. திறந்ததும் ஓடியது.

ரெஸ்பாண்டரின் அழகு நேரமுத்திரைகளில் இருக்கிறது. பாக்கெட் கிளம்பிய நேரம், கடலூரில் நுழைந்த நேரம், கடலூரிலிருந்து கிளம்பிய நேரம், திரும்பி வந்து சேர்ந்த நேரம் என்று நான்கு. நடுவில் கடலூர் ரவுட்டர் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தைக் கழித்துவிடலாம். மிஞ்சுவது லைனின் நேரம் மட்டும்.

இங்கேதான் கடிகாரம் குறுக்கே வந்தது. போகும் திசைக்குத் தனி, வரும் திசைக்குத் தனி என்று தாமதம் தெரிய வேண்டுமானால் இரண்டு ரவுட்டரின் கடிகாரமும் ஒத்திருக்க வேண்டும். எங்கள் கடலூர் ரவுட்டர் தன்பாட்டுக்கு ஒரு தேதியில் வாழ்ந்துகொண்டிருந்தது. ஒருவழித் தாமதம் என்ற இடத்தில் வெறும் பூஜ்யங்கள். 2022 ஏப்ரலில் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவுப்படி கணினிக் கடிகாரங்களை என்ஐசி (தேசியத் தகவலியல் மையம்) அல்லது டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு, அல்லது அவற்றிலிருந்து நேரம் பெறுபவற்றோடு ஒத்துவைக்க வேண்டும். சர்வர்களுக்கு அதைச் செய்திருந்தோம், ரவுட்டர்களை மறந்துவிட்டோம். புதுச்சேரி ரவுட்டரை முதலில் ஒத்துவைத்து, அதைப் பார்த்துக் கிளை ரவுட்டர்கள் நேரம் வைத்துக்கொள்ளும்படி என்டிபி என்ற நேர ஒத்திசைவு முறையை அமைத்தேன்.

அதன் பிறகும் ஒருவழி எண்களை நான் முழுதாக நம்புவதில்லை. போகும் நேரமும் வரும் நேரமும் சமம் என்று எடுத்துக்கொண்டுதான் என்டிபி கணக்குப் போடுகிறது. ஒரு பக்கம் மட்டும் அடைத்துக்கொண்டிருக்கும் லைனில் அந்தக் கணக்கே சற்று சாய்ந்துவிடலாம். ஆனால் இழப்புக்கும் ஜிட்டருக்கும் இந்தச் சிக்கல் இல்லை. பாக்கெட்டுகளுக்கு வரிசை எண் இருப்பதால் எது எந்தப் பக்கம் தொலைந்தது என்று கடிகாரம் இல்லாமலே தெரியும். ஜிட்டர் என்பது அடுத்தடுத்த இரண்டு பாக்கெட்டுகளின் தாமத வித்தியாசம். கடிகாரம் ஐந்து நிமிடம் தவறாக இருந்தாலும் கழிக்கும்போது அந்த ஐந்து நிமிடம் அடிபட்டுப் போகும். இதைப் புரிந்துகொண்ட அன்று எனக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு கணக்குக்கு விடை கிடைத்ததைப் போன்ற மகிழ்ச்சி.

ஜிட்டர் புரோப்பைக் குரல் போல ஓடவிடலாம். ஜி.711 என்று கோடெக்கை (குரலைத் தரவாக மாற்றும் முறையை) சொன்னால், இருபது மில்லிசெகண்டுக்கு ஒன்றாக 1000 பாக்கெட்டுகளை அனுப்பும். மொத்தம் இருபது விநாடி. ஒரு தொலைபேசிப் பேச்சு எவ்வளவு இடம் பிடிக்குமோ விநாடிக்கு அதே 80 கிலோபிட். முடிவில் எம்ஓஎஸ் என்ற குரல்தர மதிப்பெண்ணும் தரும். ஒன்றிலிருந்து ஐந்து வரை உள்ள அளவில் ஜி.711-க்கு இது கொடுக்கும் உச்சம் 4.34. குரலுக்கு ரவுட்டரில் தனி முன்னுரிமை கொடுத்திருந்தால் புரோப்புக்கும் அதே முத்திரை குத்த வேண்டும். டாஸ் என்ற அந்த முத்திரையின் மதிப்பு 184. குத்தாவிட்டால், பேச்சு ஒரு வரிசையிலும் புரோப் இன்னொரு வரிசையிலும் போகும், அளந்ததற்குப் பொருளே இருக்காது.

குரலை ஏன் இவ்வளவு அக்கறையாக அளந்தேன் என்று சொல்ல வேண்டும். எங்கள் கிளைகளுக்கு நடுவே ஐபி போன்தான். பண்ருட்டியிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் அவசர மருந்துகளை வாயால் சொல்லி, குடோனில் எழுதிக்கொள்வார்கள். இந்த இழுவை நாட்களில் ஒருமுறை "இருபத்தஞ்சு" என்று சொன்னது "அஞ்சு" என்று விழுந்தது. 25 மில்லிகிராம் கேட்டவருக்கு 5 மில்லிகிராம் எடுத்து வைத்தார்கள். பெட்டியில் போடும்போது இன்னொருவர் கண்ணில் பட்டதால் திருத்தினார்கள். அன்றைக்கு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதைக் கேட்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

"இருபத்" என்று சொல்ல அரை விநாடிக்கும் குறைவு. 0.4 விநாடி என்று வைத்தால் இருபது பாக்கெட். 1000 பாக்கெட்டில் இருபது என்றால் இரண்டு சதவீத இழப்பு. காகிதத்தில் இரண்டு சதவீதம் சின்னதாகத் தெரியும். அந்த இருபதும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொலைந்தால் காதுக்கு உறைக்காது. ஒரே மூச்சில் தொலைந்தால் ஒரு எண்ணின் முன்பாதி போய்விடும். நம் எண்கள் அப்படி அமைந்தவை; இருபத்தஞ்சும் முப்பத்தஞ்சும் நாற்பத்தஞ்சும் முன்பாதி போனால் அஞ்சுதான். ஆகவே நான் இழப்புச் சதவீதத்தோடு நிறுத்துவதில்லை. ஐபி எஸ்எல்ஏ இழப்பு எத்தனை தொடர்களாக விழுந்தது, மிக நீண்ட தொடரில் எத்தனை பாக்கெட் என்றும் திசைவாரியாகச் சொல்கிறது. நான் முதலில் பார்ப்பது அந்த நீண்ட தொடரைத்தான்.

மறுநாள் 11 மணிக்குத் திரை முன்னே தயாராக உட்கார்ந்தேன். புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் திசையில் இழப்பு பூஜ்யம். கடலூரிலிருந்து வரும் திசையில் 28 பாக்கெட். மிக நீண்ட தொடர் 17. ஆக, கடலூரிலிருந்து ஏதோ ஒன்று மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. உடனே கடலூர் ரவுட்டரில் எந்த உள்முகவரி அதிகம் அனுப்புகிறது என்று பார்த்தேன். குடோன் கேமராக்களின் பதிவுப்பெட்டி.

பிற்பகலே பஸ் ஏறினேன். அந்தப் பெட்டியில் முந்தின நாள் பதிவுகளைத் தலைமை அலுவலகத்துக்கு நகலெடுக்கும் வேலை இரவு 11 மணிக்கு என்று சரியாகத்தான் அமைக்கப்பட்டிருந்தது. ஆனால் அதன் கடிகாரம் பன்னிரண்டு மணி நேரம் பிசகியிருந்தது. நமக்குக் காலை 11 என்றால் அதற்கு இரவு 11. எல்லோரும் தூங்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, நாளின் மிகப் பரபரப்பான இரண்டு மணி நேரத்தில் மூன்றரை ஜிபிக்கு மேல் அனுப்பிக்கொண்டிருந்தது. விநாடிக்கு 4 மெகாபிட் (எம்பிபிஎஸ்) ஓடும் எங்கள் லைனில் அது சரியாக இரண்டு மணி நேர வேலை. மேசை போன்ற மேட்டின் அகலம் அதுதான்.

லைன் நிறுவனத்தாரை இரண்டு மாதம் குறை சொல்லியிருந்தேன். அன்று மாலையே அவர்களுடைய பொறியாளரைக் கூப்பிட்டு, கோளாறு எங்கள் பக்கம் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் கொஞ்சம் ஆச்சரியப்பட்டார் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு என் டிக்கெட்டுகளை அவர் பொறுமையாகப் படிக்கிறார்.

கடிகாரத்தைச் சரிசெய்ததோடு விட்டிருக்கலாம். ஆனால் நாளைக்கு வேறொரு கணினி பெரிய கோப்பு ஒன்றை ஏற்றினால் அதே கதை. லைன் 4 எம்பிபிஎஸ். லைன்காரரின் பெட்டி எங்கள் ரவுட்டரோடு இணையும் போர்ட் 100 எம்பிபிஎஸ். ஆகவே எங்கள் ரவுட்டருக்கு நெரிசலே தெரியாது, வந்ததையெல்லாம் தள்ளிவிடும். வரிசை அவர்கள் பெட்டியில் நிற்கும். 1500 பைட் பாக்கெட் அறுபது அங்கே வரிசையில் நின்றால், 4 எம்பிபிஎஸ் லைனில் அது கரைய 180 மில்லிசெகண்டு ஆகும். அந்த வரிசையின் வாலில் அக்காவின் சின்னக் கேள்வியும் நிற்க வேண்டும். அவர்கள் பெட்டிக்குப் பில் எது, கேமரா எது என்று தெரியாது. அதனால் எங்கள் ரவுட்டரிலேயே வேகத்தை 3.8 எம்பிபிஎஸ்ஸுக்குக் கட்டினேன். இப்போது வரிசை எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது. யாரை முன்னே விடுவது என்று நாங்கள் சொல்லலாம். குரல் முதலில், பில் அடுத்து, மற்றவை பிறகு. மாற்றிய மறுநாள் வேண்டுமென்றே காலை 11 மணிக்குக் கேமரா நகலை ஓடவிட்டுப் பார்த்தேன். பில் போய்வரும் நேரம் பதினோரு மில்லிசெகண்டைத் தாண்டவில்லை.

எட்டு என்ற நாடித்துடிப்பு உதவியது 2024 டிசம்பரில். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மழை விட்ட பிறகு சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூரைச் சூழ்ந்தது. மின்சாரம் இல்லாமல் குடோன் ரவுட்டர் அணைந்து கிடந்தது. வரைபடத்தில் அந்த நாட்கள் வெற்றிடமாகவே இருக்கின்றன. லிங்க் திரும்பி வந்தபோது எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் போய்வரும் நேரம் 31. இழப்பு இல்லை, ஜிட்டர் இல்லை, இரவும் பகலும் ஒரே 31. நெரிசல் என்றால் ஏறி இறங்கும். ஏறாமல் இறங்காமல் நின்றால் பாதை நீண்டுவிட்டது என்று பொருள். கூடுதலான 23 மில்லிசெகண்டில் ஒளி ஒரு வழிக்கு 2000 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிடும். பில் ஒன்றுக்கு 1.6 விநாடியாக இருந்தது ஆறு விநாடியைத் தாண்டியிருந்தது.

புயலுக்கு முந்தைய மூன்று மாத வரைபடத்தையும் பிந்தைய வரைபடத்தையும் சேர்த்து அந்தப் பொறியாளருக்கு அனுப்பினேன். கேபிள் அறுந்தபோது வேறு மாநிலம் வழியாகச் சுற்றிவிட்டதை, கேபிள் சரியான பிறகும் திருப்பாமல் விட்டிருக்கிறார்கள். அன்று இரவே திருப்பினார்கள். காலையில் எட்டு.

அந்த மூன்று மாத வரைபடம் ரவுட்டரில் இருந்து வந்ததல்ல. ஐபி எஸ்எல்ஏ தொகுப்புக் கணக்கைத் தானாக இரண்டு மணி நேரத்துக்குத்தான் வைத்திருக்கும். ரவுட்டர் அணைந்தால் அதுவும் போகும். எஸ்என்எம்பி என்ற, ரவுட்டரிடம் எண்களைக் கேட்டு வாங்கும் முறை மூலம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்களை இழுத்து, அலுவலகத்தில் பழைய கணினி ஒன்றில் சேர்த்துவைக்கிறேன். சராசரியோடு உச்சத்தையும் சேர்த்து வைக்கிறேன். மாதச் சராசரியில் எங்கள் 52 மணி நேரம் எப்படிக் காணாமல் போனது என்று பார்த்தவன் நான். சராசரியை மட்டும் காட்டும் எந்த அறிக்கையையும் இனி அப்படியே ஏற்க மாட்டேன்.

எல்லா அலுவலகமும் எல்லா அலுவலகத்தையும் அளக்க வேண்டியதில்லை. எங்களுக்கு எல்லாப் போக்குவரத்தும் புதுச்சேரிக்குத்தான், ஆகவே அங்கிருந்து மூன்று கிளைகளுக்கும் மூன்று புரோப். சிதம்பரத்தில் இருப்பது மைக்ரோடிக் என்ற வேறு நிறுவனத்தின் ரவுட்டர். அதில் இந்த ரெஸ்பாண்டர் கிடையாது, பிங் மட்டும்தான். அங்கே திசை தெரியாது என்பதை மனதில் வைத்துக்கொண்டு படிக்கிறேன். கடலூர் புரோப்பை டிராக்கோடு (அளவீட்டைப் பார்த்துப் பாதையை மாற்றும் வசதியோடு) கட்டி, முக்கிய லைன் விழுந்தால் பிராட்பேண்டுக்குத் தானாக மாறும்படியும் வைத்தேன். விழுந்ததும் கொஞ்சம் பொறு, எழுந்ததும் கொஞ்சம் பொறு என்று போட்டால்தான் நல்லது. இல்லாவிட்டால் ஒரு துடிப்பு விட்டாலே பாதை இங்கும் அங்கும் தாவி எல்லோர் பில்லும் அறுந்துபோகும். புரோப் எப்போதும் முக்கிய லைன் வழியாகவே போகும்படி அதற்குத் தனி ரூட் எழுதுவதையும் மறக்கக் கூடாது. அது பிராட்பேண்டு வழியாகப் போய் எல்லாம் நலம் என்று சொல்லிவிட்டால், பாதை செத்த லைனுக்கே திரும்பிவிடும்.

வரைபடத்தின் நகல் ஒன்றை அக்கா கேட்டு வாங்கி, தன் மேசைக்கு மேலே காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார். அந்த மேடு இருக்கிற பழைய நகல். அதில் 11 என்ற இடத்தில் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறார்.

போன வாரம் கூப்பிட்டார். "தம்பி, பத்தே முக்காலுக்கு ஒரே ஒரு தரம் விட்டுட்டு வந்துச்சு. பண்ருட்டிலேர்ந்து பேசிக்கிட்டிருந்தாங்க, பாதி வார்த்தை விழவே இல்ல. திரும்பக் கேட்டு எழுதிக்கிட்டேன்." வேலையை அப்படியே விட்டுவிட்டுப் பார்த்தேன். 10.46. பண்ருட்டியிலிருந்து வரும் திசை. தொடர்ந்து 31 பாக்கெட். மற்ற நிமிடங்கள் எல்லாம் சுத்தம். இந்தத் தடவை எங்கள் பக்கம் எதுவும் ஏறிக்கொண்டிருக்கவில்லை. நேரத்தையும் திசையையும் அந்த 31-ஐயும் எழுதி டிக்கெட் போட்டிருக்கிறேன். பண்ருட்டிப் பக்கத்து ஜாயின்ட் ஒன்றைத் திறந்து பார்க்கப் போவதாகப் பொறியாளர் சொல்லியிருக்கிறார்.